ஸ்கேனின்போது கழுத்தைத் தாங்கும் சாதனம்: வடிவமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற பரிசோதனைகளின்போது நோயாளியின் கழுத்தை உரிய நிலையில் வைத்திருக்க உதவும் சாதனங்களை வடிவமைக்க முற்படும் மாணவர்களும் இளம் பொறியாளர்களும், அவற்றைப் பயன்படுத்தும் தொழில்நுட்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் இயன்றவரை கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. முதலில் உள்ள விடைகள் பின்னால் தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரு தலையணை வைத்தால் போதாதா? இதற்கென்று தனியாகச் சாதனம் எதற்கு?

பல பரிசோதனைகளுக்குத் தலையணையே போதும்; அதை மறுப்பதற்கில்லை. வலியில்லாமல் மல்லாந்து படுக்கக்கூடிய ஒருவருக்குச் சில நொடிகளில் முடிந்துவிடும் சி.டி. எடுக்க, மேசையோடு வரும் தலைத்தாங்கியும் ஒரு மெல்லிய பஞ்சணையும் இருந்தால் வேலை நடந்துவிடும்.

சிக்கல் எழுவது வேறு இடங்களில். வளர்ந்தவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ வரை எடையுள்ளது. அந்த எடையின் கீழ் தலையணை மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். பரிசோதனை தொடங்கியபோது இருந்த கோணம் அரைமணி நேரம் கழித்து இருக்காது. தலை பக்கவாட்டில் உருளுவதையும் அது தடுக்காது. ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட வேண்டுமென்றாலோ, இன்றைய சி.டி.யை வைத்துக் கதிர்வீச்சுச் சிகிச்சை திட்டமிட வேண்டுமென்றாலோ, இதே நிலைக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டும். தலையணையிடம் அது இல்லை.

கழுத்துக்கு எதுதான் சரியான நிலை?

எந்தப் பரிசோதனை என்று சொல்லாமல் இதற்கு விடை கூற முடியாது. கழுத்து முள்ளெலும்புகளை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும்போது பெரும்பாலும் வளைவோ நிமிர்வோ இல்லாத நடுநிலையே வேண்டும். தைராய்டை அல்ட்ராசவுண்டில் பார்க்கத் தோளுக்கு அடியில் அணை கொடுத்துக் கழுத்தைப் பின்னோக்கி நிமிர்த்துவார்கள். வாய், தொண்டைப் பகுதியின் சி.டி.யில் பல் அடைப்புகளிலிருந்து கிளம்பும் கோடுகள் பார்க்க வேண்டிய இடத்தில் விழாதபடி மோவாயின் கோணத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே வரைபடத் தாளில் முதலில் எழுத வேண்டியது சாதனத்தின் அளவு அன்று, அது எந்தப் பரிசோதனைக்கு என்பதே.

நடுநிலை என்பதும் தட்டையான பலகையில் தானாக அமைந்துவிடாது. வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பின்மண்டைக்கு அடியில் ஏறத்தாழ 2 செ.மீ. உயரம் கொடுத்தால்தான் கழுத்து நடுநிலைக்கு வரும்; கூன் உள்ளவர்களுக்கு அதைவிட மிகுதியாக வேண்டும். சிறு குழந்தைகளுக்கு நிலைமை தலைகீழ். அதைப் பின்னால் பார்ப்போம்.

கழுத்தை அசையாமல் இறுகப் பிடித்துக்கொள்வதுதானே இதன் நோக்கம்?

இந்த எண்ணத்தோடு தொடங்கிய வடிவமைப்புகள்தாம் பெரும்பாலும் கைவிடப்படுகின்றன. கழுத்தைச் சுற்றியுள்ள தசைகள் தலையின் எடையைத் தாங்க வேண்டியிருக்கும் வரை அவை ஓய்வதில்லை. களைக்கும்போது சிறு நடுக்கமும் நிலைமாற்றமும் வந்தே தீரும். பின்மண்டையும் பிடரிக் குழிவும் முழுமையாகத் தாங்கப்பட்டால் தசைகளுக்கு வேலை இல்லாமல் போகும். நோயாளி முயலாமலே அசைவு அடங்கும். மாறாக இறுக்கிக் கட்டப்பட்டவர் அந்தக் கட்டோடு போராடுவார், அச்சம் கூடும், மூச்சு வேகமாகும். எனவே தாங்குவதற்கு முக்கால் பங்கு உழைப்பையும் கட்டுவதற்குக் கால் பங்கையும் செலவிடுங்கள் என்பதே என் பரிந்துரை.

விழுங்குவதையும் மூச்சையும் எந்தச் சாதனமும் நிறுத்தாது. எம்.ஆர்.ஐ.யில் தொண்டையின் அசைவால் வரும் மங்கலைக் குறைக்க, கழுத்தின் முன்பகுதியிலிருந்து வரும் சமிக்ஞையை அடக்கும் பட்டை ஒன்றைத் தொழில்நுட்பர் கருவியின் திரையில் குறிப்பார். அது கருவியின் வேலை, உங்கள் பட்டையின் வேலை அன்று.

விலக்கு ஒன்று உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சையில் கதிர் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் விழ வேண்டியிருப்பதால், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகும் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் முகத்தின்மீதே படியவைத்து முகமூடி செய்கிறார்கள். அங்கும் அசைவைத் தடுப்பது பெரும்பாலும் முகத்தோடு அது பொருந்தியிருக்கும் விதமே. இறுக்கத்தின் பங்கு சிறிது.

சாய்வை மாற்றும் கீலை எங்கே வைப்பது?

பெரும்பாலோர் தலைக்கு அடியில் உள்ள பலகையிலேயே வைத்துவிடுகிறார்கள். சாய்வை மாற்றியதும் தலை ஒரு வட்டப்பாதையிலும் தாங்கி வேறொரு வட்டப்பாதையிலும் நகர்வதால் பின்மண்டைத் தோலும் முடியும் இழுபடுகின்றன. நோயாளி தானாகவே உடலை நகர்த்திக்கொள்ள, நீங்கள் அமைத்த கோணம் பாழாகிறது.

கழுத்துக்கு ஒற்றைக் கீல் கிடையாது. தலையாட்டும் அசைவு மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் இடையிலும், பக்கவாட்டில் திரும்புவதில் ஏறத்தாழப் பாதி முதலிரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலும் நிகழ்கின்றன. மீதி வளைவு அவற்றுக்குக் கீழே உள்ள மூட்டுகளில் பரவியிருக்கிறது. மோவாயைச் சிறிதளவு ஏற்றி இறக்க மட்டுமே உங்கள் சாதனம் என்றால், சுழற்சி மையம் காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டின் அருகே அமைய வேண்டும். அங்கே உண்மையில் ஒரு கீலை வைக்க முடியாது. ஆனால் தாங்கியை வளைவான தடத்தில் நகரவிட்டு, அந்த வளைவின் மையம் அவ்விடத்தில் விழுமாறு செய்யலாம்.

சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் ஒரே சாதனத்தைச் செய்துவிடலாமா?

செய்யலாம். ஆனால் இரண்டின் நிபந்தனைகளும் ஒன்றாகச் சேர்ந்து உங்கள் தலையில் விழும். சி.டி. கேட்பது எக்ஸ்ரே கதிரைத் தடுக்காத, அடர்த்தி சீரான பொருள். எம்.ஆர்.ஐ. கேட்பது காந்தத்தால் ஈர்க்கப்படாத, மின்சாரத்தைக் கடத்தாத பொருள்; அதோடு தலை-கழுத்துக் காயிலுக்குள், அதாவது சமிக்ஞையைப் பெறத் தலையையும் கழுத்தையும் சூழ வைக்கும் கூட்டுக்குள், அடங்கும் உருவம். சி.டி.க்குச் சிறந்த பொருள் எம்.ஆர்.ஐ.க்கு ஆகாமல் போவதும் உண்டு. அடுத்த கேள்வியே அதற்குச் சான்று.

கார்பன் ஃபைபர் உலோகமே இல்லையே, எம்.ஆர்.ஐ.யில் வைத்தால் என்ன?

உலோகம் இல்லைதான், ஆனால் மின்கடத்தி. சி.டி., கதிர்வீச்சுச் சிகிச்சை மேசைகளில் மெல்லிய கார்பன் ஃபைபர் தோலும் உள்ளே இலேசான நுரையும் கொண்ட பலகையை விரும்பிப் பயன்படுத்துவதற்குக் காரணம், அது வலுவாகவும் கதிரைக் குறைவாகவே தடுப்பதாகவும் இருப்பதே. எம்.ஆர்.ஐ. கருவியோ உடலுக்குள் ரேடியோ அலைகளைச் செலுத்துகிறது: 1.5 டெஸ்லா கருவியில் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ். கடத்தும் இழைகளில் அந்த அலைகள் மின்னோட்டத்தைத் தூண்டும். அதனால் பொருள் சூடேறி நோயாளிக்குத் தீக்காயம் உண்டாகக்கூடும், காயிலின் சமநிலை குலைந்து படத்தில் கருநிழல் விழக்கூடும்.

கண்ணாடி இழை, அராமிட் இழை ஆகியவை கடத்துவதில்லை என்பதால் எம்.ஆர்.ஐ.க்கு அவற்றை நாடுகிறார்கள். மின்னூட்டம் தேங்காமலிருக்கக் கார்பன் தூள் கலந்து செய்யும் கருப்பு நுரைப் பஞ்சும் கடத்தக்கூடியது என்பதை மறந்துவிட வேண்டாம். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், விற்பவரிடம் பொருளின் கலவை விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காந்தம் ஒட்டவில்லை என்றால் அந்தத் திருகைப் போடலாம்தானே?

கையில் வைத்திருக்கும் சிறு காந்தம் இதற்குச் சரியான நீதிபதி அன்று. பொதுவாகக் காந்தமற்றது எனப்படும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகுகூட, குளிர்நிலையில் வளைத்தோ இழுத்தோ உருவாக்கப்படும்போது ஓரளவு காந்தத்தன்மை பெற்றுவிடும். பித்தளையும் டைட்டானியமும் இழுபடாது. ஆனால் கடத்தும், அருகிலுள்ள படத்தையும் கெடுக்கும். சி.டி.யிலோ எந்த உலோகத் திருகும் நட்சத்திரம்போலக் கோடுகளைப் பரப்பும். நைலான், பீக் போன்ற பிளாஸ்டிக்கில் திருகுகள் கிடைக்கின்றன. தொடர் சுமையில் பீக் குறைவாகவே தளரும். திருகே இல்லாமல் பள்ளமும் நாக்கும் பொருந்தும் இணைப்பாகச் செய்ய முடிந்தால் அதுவே மேல்.

இந்தச் சாதனத்தின்மீது எந்த அடையாளத்தை ஒட்டலாம் என்பதை ஏ.எஸ்.டி.எம். எஃப்2503 என்னும் தரநிலை வரையறுக்கிறது: எம்.ஆர். சூழலில் பாதுகாப்பானது, நிபந்தனையுடன் பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது என மூன்று வகை. முதல் வகை, உலோகமும் கடத்தியும் காந்தப்பொருளும் அறவே இல்லாதவற்றுக்கு மட்டுமே உரியது. ஒரே ஒரு பித்தளைத் திருகு இருந்தாலும் அந்த அடையாளத்தை ஒட்ட முடியாது. எந்தக் காந்த வலிமையில், எந்த நிபந்தனையில் சோதிக்கப்பட்டது என்று எழுதியாக வேண்டும்.

பிளாஸ்டிக் படத்தில் தெரியாதல்லவா?

சி.டி.யில் தெரியும். காற்றுக்கு கழித்தல் 1000, தண்ணீருக்கு 0 என்று எண் கொடுக்கும் அளவுகோலில் பிளாஸ்டிக் தண்ணீரின் அக்கம்பக்கத்தில்தான் நிற்கும். தெரிவதே குற்றம் அன்று. கூரிய விளிம்பும் திடீரெனத் தடிக்கும் இடமும்தான் தொல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் அத்தகைய விளிம்பு முள்ளெலும்பின்மீது ஒரு கோடாக விழுந்தால், எலும்பு முறிவோ என்று படிப்பவரைத் தடுமாறச் செய்யும். தடிப்பைச் சீராக வையுங்கள்; முடியும் இடத்தை மெல்லச் சரியவிடுங்கள்; கைப்பிடி, தாழ்ப்பாள் போன்றவற்றைப் படமெடுக்கும் பரப்புக்கு வெளியே தள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் வழக்கமான படமெடுப்பு முறைகளில் திடமான பிளாஸ்டிக் சமிக்ஞை தராது. ஆனால் ஜெல் நிரப்பிய மெத்தைகள் பளிச்சென்று தெரியும். படப்பரப்புக்கு வெளியே இருந்தாலும் அவற்றின் பிம்பம் மறுபக்கத்தில் மடிந்து வந்து கழுத்தின்மேல் விழக்கூடும். உடலுக்குள் செலுத்திய மருந்திலிருந்து கிளம்பும் காமா கதிரை அளக்கும் பெட் ஸ்கேனோடு எம்.ஆர்.ஐ. இணைந்த கருவிகளில் இன்னொரு வகைத் தொல்லை: எம்.ஆர்.ஐ.க்குத் தெரியாத பிளாஸ்டிக், காமா கதிரைத் தடுக்கவே செய்யும்; கருவி அதை அறியாமல் கணக்கிட்டால் அளவீடு பிழையாகும்.

3டி பிரிண்டரில் அச்சடித்த மாதிரியை நேரடியாகப் பயன்படுத்தலாமா?

உருவத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். நோயாளிக்குக் கீழே வைக்கும் முன் யோசியுங்கள். அடுக்குகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் அழுக்கும் கிருமியும் தங்கும். உள்ளே தேன்கூடுபோல நிரப்பப்பட்ட அமைப்பு எக்ஸ்ரேயில் கட்டம் கட்டமாகத் தெரியும். இத்தகைய அச்சில் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிக்கான பி.எல்.ஏ. இழை 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும் என்பதால் வெந்நீரில் கழுவவும் இயலாது. நிறமிகளும் கவனத்துக்குரியவை; சில பழுப்பு, சிவப்பு நிறங்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்க்கப்படுகிறது.

கழுத்தின் கீழ்ப்பகுதி மட்டும் எப்போதும் தெளிவாக வருவதில்லையே, சாதனத்தால் ஏதாவது செய்ய முடியுமா?

கேட்பவர் குறைவு, பலன் மிகுதி. ஏழாவது கழுத்து முள்ளெலும்பும் முதல் மார்பு முள்ளெலும்பும் சந்திக்கும் இடத்தைத் தோள்கள் மறைத்துவிடுகின்றன. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்த இடம் தெரியாவிட்டால் படம் முழுமையற்றது. சி.டி.யில் தோள்களைக் கடந்து உணரியைச் சேரும் கதிர் மிகக் குறைவு என்பதால் கிடைமட்டக் கோடுகள் படத்தை அரித்துவிடும். கழுத்துக்குச் சாதனம் செய்கிறோம் என்று கழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

மேல்முதுகுவரை நீளும் தாங்கி ஒன்றைக் கொடுத்துத் தோள்கள் பின்னோக்கித் தளர வழிசெய்யலாம். நோயாளி தாமே கைகளைக் கால்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைக்கலாம். சாதனம் தோளின் அகலத்தைக் கூட்டக் கூடாது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தோளின் காரணமாகக் கழுத்து உணரியிலிருந்து ஏற்கெனவே தள்ளியிருக்கிறது. அதனால் வரும் உருப்பெருக்கத்தைக் குறைக்கத்தான் எக்ஸ்ரே குழாயை ஏறத்தாழ 180 செ.மீ. தூரத்தில் வைக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு போதுமா?

போதாது. அதற்காகப் பத்து அளவுகளும் வேண்டாம். வெவ்வேறு உயரமுள்ள சில அடித்தட்டுகளும், அவற்றின்மேல் வைக்கும் இரண்டு மூன்று பிடரித் தாங்கிகளும் இருந்தால் பெரும்பாலோரைச் சமாளிக்கலாம். தலையின் அகலத்தைவிடப் பிடரிக் குழிவின் ஆழமும் மேல்முதுகின் வளைவும்தாம் ஆளுக்கு ஆள் மிகுதியாக மாறுகின்றன. கொண்டை, சடை, தலைமுக்காடு ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும். பின்மண்டைக்கு நடுவே ஒரு பள்ளம் விடுவது இதற்கு உதவும்.

கழுத்து நிமிராத நோயாளியை எப்படி இந்த நிலைக்குக் கொண்டுவருவது?

கொண்டுவரக் கூடாது. முதுகெலும்பு இறுகிப்போகும் ஸ்பான்டிலைட்டிஸ் நோயில் கழுத்து முன்னோக்கி வளைந்தபடியே உறைந்துவிடும். அந்த எலும்பு பார்ப்பதற்குத் திண்மையாக இருந்தாலும் எளிதில் முறியக்கூடியது. தட்டையாகப் படுக்கவைக்க அழுத்தினால் முறிவும் தண்டுவடப் பாதிப்பும் நேரலாம். முடக்குவாத நோயிலும் டவுன் சிண்ட்ரோமிலும் முதலிரண்டு முள்ளெலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. அங்கே முன்னோக்கி வளைப்பதுதான் ஆபத்து.

வடிவமைப்பாளர் இதிலிருந்து பெற வேண்டியது தெளிவானது: சாதனம் நோயாளியிடம் வர வேண்டும், நோயாளியைச் சாதனத்துக்கு ஏற்ப வளைக்கக் கூடாது. தாங்கி கீழிருந்து மேலெழுந்து, தலை இருக்கும் இடத்திலேயே அதைத் தொட்டு நிற்க வேண்டும். கோணம் மாற்றும் பொறி, கை எடுத்த கணமே நின்றுவிட வேண்டும். சுருள்வில்லின் விசையால் தானாகத் தள்ளும் எந்த அமைப்பும் இதில் வேண்டாம்.

விபத்தில் வந்தவருக்கு ஏற்கெனவே கழுத்து அசையாதிருக்கக் காலர் போட்டிருக்கிறார்களே, அதைக் கழற்றிவிட்டு நம் சாதனத்தை வைக்கலாமா?

கழற்றும் முடிவு மருத்துவருடையது. சாதனத்தின் பயன்பாட்டு ஏட்டில் அதைப் பற்றி அனுமதி தருவதுபோல ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. காலரோடும் பலகையோடும் வருபவரை அப்படியே ஏற்கும் இடைவெளி உங்கள் சாதனத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், இத்தகையவர்களுக்கு இது உரியதன்று எனச் சாதனத்தின்மீதே அச்சிடுங்கள். தோள்களைக் கீழிழுக்கும் ஏற்பாடும் இவர்களுக்கு ஆகாது.

குழந்தைகளுக்குச் சிறிதாகச் செய்தால் போதும்தானே?

சிறிதாக்கினால் பிழையும் சேர்ந்தே வரும். உடலோடு ஒப்பிடக் குழந்தையின் தலை பெரியது, பின்மண்டை துருத்தியிருக்கும். தட்டையான பரப்பில் கிடத்தினாலே கழுத்து முன்னோக்கி மடியும், மூச்சுக்குழல் நெருங்கும். வளர்ந்தவருக்குத் தலையை உயர்த்துகிறோம் என்றால், குழந்தைக்கு உடலை உயர்த்த வேண்டும், அல்லது தலைக்குப் பள்ளம் தர வேண்டும். மயக்க மருந்து கொடுத்துப் படமெடுக்கும் குழந்தைக்கு மூச்சுக்காகப் பொருத்தும் குழாய், கண்காணிப்பு வடம் ஆகியவை செல்லும் வழியையும் முன்கூட்டியே வரைந்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. காயிலுக்குள் இடமே இல்லையே?

இல்லைதான். கருவியின் குழி 60 அல்லது 70 செ.மீ. விட்டமுள்ளது, ஆனால் உண்மையான எல்லை, தலையையும் கழுத்தையும் ஒட்டிச் சூழும் காயில். காயில் உடலுக்கு அருகில் இருக்க இருக்கச் சமிக்ஞை கூடும் என்பதால், நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் படத்தின் தரத்திலிருந்து கழிக்கப்படுகிறது. அந்தந்தக் காயிலின் உட்புற அளவை எடுத்து, அதன் அடித்தளத்தில் பொருந்தும் மெல்லிய தாங்கிகளாகச் செய்வதே நடைமுறைக்கு ஒத்தது. காதடைப்பானுக்கும் அழைப்புக் குமிழின் குழாய்க்கும் இடம் விடுங்கள்.

நோயாளிக்குத் திடீரென வாந்தி வந்தால்?

கட்டைப் பற்றிய முடிவுகளை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். மோவாயைக் கட்டும் பட்டை வாயைத் திறக்க விடாது. கழுத்தின் முன்புறம் குறுக்கே செல்லும் பட்டை மூச்சுக்குழலையும் இரத்தக்குழாய்களையும் அழுத்தும். இரண்டையும் நான் ஏற்பதில்லை. பட்டை வேண்டுமென்றால் நெற்றிக்கு ஒன்று போதும். அதையும் ஒரு கையால், ஒரே இழுப்பில், கையுறையோடும் கழற்ற முடிய வேண்டும். தெரிந்த நோயாளி, தெரிந்த பட்டை என்று பகல் வெளிச்சத்தில் சோதிக்காமல், அறை விளக்கை அணைத்துவிட்டு, இதை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்.

எப்படித் துடைத்துச் சுத்தம் செய்வது?

ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் துடைக்கப்படும் என்று வைத்துக்கொண்டு பொருளைத் தேர்ந்தெடுங்கள். துளைகள் திறந்த பஞ்சு திரவத்தை உறிஞ்சிவிடும். துளைகள் மூடிய நுரை அல்லது மூட்டுகள் உருக்கி ஒட்டப்பட்ட உறை தேவை. பாலிகார்பனேட் பளபளப்பாக இருக்கும். ஆனால் சில கிருமிநாசினிகள் பட்டுப்பட்டுச் சுமை தாங்கும் இடங்களில் விரிசல் விடும். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் முடியையும் நூலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி மாற்றக்கூடியதாக வையுங்கள்.

எந்தத் தரநிலைகளைப் படிக்க வேண்டும்?

இடர் மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 14971, தர மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 13485, தோலில் படும் பொருளின் ஒவ்வாமை, எரிச்சல் சோதனைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 10993 வரிசை, பயன்படுத்துவதன் எளிமைக்கு ஐ.இ.சி. 62366-1. முதலாவதை வரைபடத்துக்கு முன்பே படியுங்கள். வரைபடம் முடிந்தபின் படித்தால், செய்த முடிவுகளுக்குக் காரணம் கற்பிக்கும் வேலையாக அது மாறிவிடும்.

நோயாளியிடம் கொண்டுபோகும் முன் எப்படிச் சோதிப்பது?

கதிர் சம்பந்தப்பட்ட சோதனைகளுக்கு மனிதர் தேவையில்லை. தண்ணீர் நிரப்பிய போலியுருவைச் சாதனத்தோடும் சாதனமின்றியும் சி.டி. எடுத்து, எண்கள் எவ்வளவு விலகுகின்றன, இரைச்சல் எவ்வளவு கூடுகிறது என்று ஒப்பிடுங்கள். நிலை மாறாமல் திரும்புகிறதா என்பதைத் தன்னார்வலர்களிடம் கதிரே இல்லாமல் அளக்கலாம்: நெற்றியிலும் மார்பிலும் அடையாளப் புள்ளி ஒட்டி, படுக்கவைத்து, எழுப்பி, மீண்டும் படுக்கவைத்து, பக்கத்திலிருந்து படம் பிடித்துக் கோணத்தை ஒப்பிடுங்கள். நலமான ஒருவரை உங்கள் சாதனத்தைச் சோதிப்பதற்காக மட்டும் எக்ஸ்ரேக்கு உட்படுத்துவது முறையன்று. மனிதரிடம் செய்யும் எந்தச் சோதனைக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும்.

அளவுகோல் பொறித்து எண்ணைக் குறித்துக்கொண்டால் அடுத்த முறையும் அதே நிலை வந்துவிடும் அல்லவா?

சாதனத்தின் நிலை அப்படியே திரும்பி வரும். கழுத்தின் நிலை வந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாங்கியின் கோணம் மாறாமலே, நோயாளி இரண்டு செ.மீ. மேலேறிப் படுத்தால் பிடரிக்குரிய மேடு தோளில் முட்டும், கழுத்து வேறு விதமாக வளையும். வலி, வீக்கம், உடல் மெலிவு ஆகியவையும் நிலையை மாற்றும். எனவே எண்ணோடு உடலின் அடையாளம் ஒன்றையும் சேர்த்துக் குறியுங்கள்: காதுத்துளை எந்தக் கோட்டில் நிற்கிறது, தோளின் மேல்விளிம்பு எங்கே தொடுகிறது, லேசர் கோடு முகத்தில் எங்கே விழுகிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு நிழற்படம், நோயாளியின் இசைவோடு, இவை எல்லாவற்றையும் ஒருங்கே சொல்லிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்து கொடுத்தும் ஏன் அலமாரியிலேயே கிடக்கிறது?

அங்கே போய்ப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். பொருத்த இரண்டு கைகளும் தேவைப்பட்டால், நோயாளியின் தலையை யார் பிடித்துக்கொள்வது? இடப்பக்கத் துண்டும் வலப்பக்கத் துண்டும் ஒன்றுபோலத் தோன்றினால், அவசரத்தில் மாறிப் பொருந்தும். பிறகு யாரும் அதைத் தொடமாட்டார்கள். தனியே கழன்று வரும் சிறு முளைகள் முதல் மாதத்திலேயே காணாமல் போகும். முளையைக் கயிற்றில் கட்டிவையுங்கள், மாறிப் பொருந்தாதபடி துளைகளின் இடைவெளியை இருபுறமும் வேறுபடுத்துங்கள், மேசைக்கு அருகில் தொங்கவிட ஒரு கொக்கியையும் சேர்த்தே கொடுங்கள்.